விளக்கு எரிகிறது, சுவர் உதிர்கிறது

1905 நவம்பர் 28. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் மேற்குக் கோடியில் இருக்கிறது டுலூத் துறைமுகம். பனிப்புயலில் சிக்கிய ‘மட்டாஃபா’ என்ற சரக்குக் கப்பல் துறைமுகக் கால்வாய்க்குள் நுழையப் பார்த்தது. வாசலில் மோதித் திரும்பி, கரையிலிருந்து சில நூறு அடி தூரத்தில் தரைதட்டி உடைந்தது. ஊரே திரண்டு வந்து கரையில் நின்றது. மீட்புப் படகை இறக்க அலை விடவில்லை. இரவு முழுவதும் மக்கள் தீமூட்டிக் காத்திருந்தார்கள். மறுநாள் கப்பலை எட்டியபோது, அதன் பின்பகுதியில் மாட்டிக்கொண்ட ஒன்பது பேரும் குளிரில் விறைத்து இறந்திருந்தார்கள்.

அந்த ஒரு புயலில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் சேதமாயின. கப்பல் நிறுவனங்கள் அரசை நெருக்கின. அதன் பலனாக, டுலூத்துக்கு வடகிழக்கே ஒரு செங்குத்துப் பாறையின் உச்சியில் 1910இல் ஏற்றப்பட்டதுதான் ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம். அப்போது அங்கே சாலை கிடையாது. செங்கல், சிமென்ட், இரும்பு, கண்ணாடி எல்லாமே படகில் வந்து, நீராவித் தூக்கியால் பாறை மேலே ஏறின. அந்தக் கரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. அங்குள்ள பாறைகளில் இரும்பு அதிகம் இருப்பதால், நெருங்கி வரும் கப்பலின் திசைகாட்டி முள் தடுமாறும். கருவி பொய் சொல்லும் இடத்தில் மாலுமிக்குக் கண்ணால் பார்க்கும் ஒளிதான் துணை.

கடல் போன்ற ஏரிகள்

ஏரியில் கப்பல் உடையுமா என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவும் கனடாவும் பகிர்ந்துகொள்ளும் பேரேரிகள் ஐந்து: சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ. ஐந்தின் பரப்பும் சேர்ந்து ஏறத்தாழ 2,44,000 சதுர கிலோமீட்டர். உலகில் தரைமேல் உள்ள நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றில்தான் இருக்கிறது. சுப்பீரியர் ஏரியின் மிக ஆழமான இடம் 406 மீட்டர். கரையில் நின்றால் எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாது.

கோடை முழுவதும் வாங்கி வைத்த வெப்பத்தை இந்த ஏரிகள் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. நவம்பரில் வடக்கிலிருந்து உறைகுளிர்க் காற்று இறங்கி வரும்போதும் நீரில் சூடு மிச்சமிருக்கும். மேலே குளிர், கீழே வெதுவெதுப்பு. இந்த வேறுபாடு காற்றைக் கொந்தளிக்க வைத்துப் புயலுக்கு வலுச் சேர்க்கிறது. ஏரி அலைகள் பெருங்கடல் அலைகளைவிட நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வருபவை. ஓர் அலையில் ஏறி இறங்கிக் கப்பல் நிதானிப்பதற்குள் அடுத்தது அறைந்துவிடும். 1913 நவம்பரில் வீசிய பெரும்புயல் 250 உயிர்களுக்கு மேல் குடித்தது.

1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் நியூயார்க்கிலிருந்து பேரேரிகளுக்கு நீர்வழி கிடைத்தது. 1855இல் சூ நீர்ப்பூட்டுகள் வந்ததும் சுப்பீரியர் ஏரிக்கும் கப்பல்கள் ஏறிப் போயின. மரமும் தானியமும் செம்பும் இரும்புத்தாதுவும் இந்த வழியில் இறங்கின. கப்பல் பெருகப் பெருக விளக்கும் பெருகியது. மிச்சிகன் மாநிலத்தில் மட்டும் இன்று 120க்கும் மேற்பட்ட கலங்கரை விளக்கங்கள் நிற்கின்றன. அமெரிக்காவின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை.

ஒளி எட்டும் தூரம்

விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் பூமியின் வளைவைத் தாண்டி அதன் ஒளி நேராகப் போக முடியாது. அதனால் முதலில் கணக்கில் வருவது உயரம். விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.86ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். காற்று ஒளியைச் சற்றே வளைப்பதும் இந்த எண்ணில் அடக்கம். ஸ்பிளிட் ராக்கின் விளக்கு ஏரி மட்டத்திலிருந்து ஏறத்தாழ 51 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப்படி அடிவானம் 27 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் வரும். எதிரே வரும் மாலுமியின் கண்ணும் நீருக்கு மேலே ஐந்து மீட்டரில் இருக்குமே. அவர் பங்குக்கு இன்னொரு எட்டரைக் கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்தால் 36. இந்த விளக்குக்கு அதிகாரபூர்வமாகக் குறித்த எல்லையும் 22 மைல், அதாவது 35 கிலோமீட்டரை ஒட்டியே வருகிறது. கோபுரத்தைக் குட்டையாகக் கட்டிப் பாறையின் உயரத்தைப் பயன்படுத்திக்கொண்டது ஏன் என்பது இப்போது விளங்கும்.

அவ்வளவு தூரம் போகும் ஒளிக்கு வலுவும் வேண்டும். வெறும் சுடர் எல்லாத் திசையிலும் ஒளியைக் கொட்டும். வானத்துக்கும் தரைக்கும் போவது வீண். பெரிய குவிவு வில்லை ஒன்றை முன்னே வைத்து ஒளியைக் குவிக்கலாம். ஆனால் அவ்வளவு தடித்த கண்ணாடி தாங்க முடியாத எடை இருக்கும். ஒளியின் ஒரு பகுதியையும் விழுங்கிவிடும். பிரெஞ்சு இயற்பியலாளர் ஓகுஸ்தான் ஃபிரெனெல் இதற்கு வழி கண்டார். ஒளி வளைவது கண்ணாடியின் மேற்பரப்பில்தான். உள்ளே இருக்கும் தடிமனுக்கு அதில் வேலை இல்லை. அப்படியானால் தடிமனை நீக்கிவிட்டு, வளைந்த மேற்பரப்பை மட்டும் வளையம் வளையமாக அடுக்கினால் போதும். நடுவிலுள்ள வளையங்கள் ஒளிவிலகலால் கதிரைத் திருப்பும். மேலும் கீழும் உள்ள பட்டகங்கள் முழு அக எதிரொளிப்பால் திருப்பும். வீணாகப் போகவிருந்த ஒளி ஒரே தட்டையான கற்றையாகி அடிவானத்தை நோக்கிப் பாயும். இவரது வில்லை முதன்முதலில் 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஒளிர்ந்தது.

ஸ்பிளிட் ராக்கில் இருப்பது பாரிசில் செய்த வில்லை. குவியத் தூரம் அரை மீட்டர். இரண்டு பெரிய கண்ணாடி முகங்கள் முதுகோடு முதுகு சேர்ந்து நிற்கின்றன. முழுச் சுற்றுக்கு 20 நொடி ஆகும் என்பதால், கப்பலில் இருப்பவருக்குப் பத்து நொடிக்கு ஒரு வெட்டு தெரியும். ஒவ்வொரு விளக்குக்கும் வெட்டும் கால இடைவெளி வேறு. எண்ணிப் பார்த்தே மாலுமி எந்தக் கரை என்று சொல்லிவிடுவார். இத்தனை கனமான கண்ணாடிக் கூடு பாதரசத் தொட்டியில் மிதப்பதால் விரலால் தள்ளினாலே நகரும். அதைச் சுழற்றியது, கோபுரத்தின் நடுவே மெல்ல இறங்கும் எடைக்கட்டியும் அதனோடு இணைந்த கடிகாரப் பொறியும். உள்ளே எரிந்தது மண்ணெண்ணெயை ஆவியாக்கி வலைத்திரியில் எரிக்கும் விளக்கு, நம் பெட்ரோமாக்ஸ் போலவே. 1940இல்தான் மின்விளக்கு வந்தது.

இரவெல்லாம் விழித்தவர்கள்

எடைக்கட்டி அடியைத் தொட்டால் வில்லை நின்றுவிடும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது கைப்பிடியைச் சுற்றி அதை மேலே ஏற்ற வேண்டும். புகைக்கரி படிந்தால் ஒளி மங்கும் என்பதால் காலையில் ஒவ்வொரு பட்டகத்தையும் துடைக்க வேண்டும். பித்தளையை மெருகேற்ற வேண்டும். காற்றோட்டத் துளைகளைக் காற்றின் திசைக்கேற்பத் திறந்து மூட வேண்டும். பெயின்ட் உரிந்த இடத்தை உடனே பூச வேண்டும். மேற்பார்வையாளர் எப்போது வேண்டுமானாலும் சோதனைக்கு வரலாம்.

பீவர் தீவில் இப்படி வாழ்ந்தவர் எலிசபெத் விட்னி வில்லியம்ஸ். மிச்சிகன் ஏரியில் உள்ள அந்தத் தீவின் விளக்குக் காவலராக இருந்த அவருடைய கணவர், 1872இல் தத்தளித்த கப்பலொன்றின் ஆட்களைக் காப்பாற்றப் படகில் போய் மூழ்கினார். அதன் பிறகு விளக்கின் பொறுப்பை எலிசபெத் ஏற்றார். 1884இல் லிட்டில் டிராவர்ஸ் விரிகுடாவின் விளக்குக்கு மாறி, 1913 வரை பணியாற்றினார். மொத்தம் 41 ஆண்டுகள். கணவரை விழுங்கிய ஏரியில் மற்றவர்களுக்கு வழிகாட்டியே அவர் வாழ்நாளைக் கழித்தார்.

பனிக்கட்டியின் அடி

ஏரியில் உப்பு இல்லை. இரும்புக்கு அது நல்லது. மரத்துக்கு அதைவிட நல்லது, ஏனென்றால் கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு நன்னீரில் வாழாது. இதை நம்பித்தான் ஏரி நடுவே விளக்கு கட்டியவர்கள் பெரிய மரச்சட்டக் கூடுகளைச் செய்து, மிதக்கவிட்டு இழுத்துப்போய், கல்லை நிரப்பி மூழ்கடித்து, அதன்மேல் கோபுரத்தை எழுப்பினார்கள். குளிர்ந்த நன்னீரில் முழுகிக் கிடக்கும் மரம் நூறாண்டு ஆனாலும் மட்காது. மட்க வைக்கும் பூஞ்சைக்கு வேண்டிய ஆக்சிஜன் அங்கே போதாது.

ஆனால் நன்னீர் எளிதில் உறையும். ஹியூரான் ஏரியின் நடுவே ஒரு பாறைத்திட்டில், பொறியாளர் ஆர்லாண்டோ போவின் திட்டப்படி 1870 முதல் 1874 வரை கட்டிய ஸ்பெக்டகிள் ரீஃப் விளக்கம் இதற்குச் சாட்சி. நகரும் பனிப்பாளங்களின் தள்ளுவிசையை எதிர்பார்த்தே, கோபுரத்தின் அடிப்பகுதியைப் பத்து மீட்டருக்கு உள்ளீடற்ற இடமே இல்லாமல் சுண்ணாம்புக் கற்களால் இறுகக் கோத்துக் கட்டினார்கள். முதல் குளிர்காலம் முடிந்து 1875 வசந்தத்தில் காவலர்கள் திரும்பி வந்தபோது, பனிக்கட்டி கோபுரத்தின்மேல் முப்பது அடி உயரம் குவிந்து வாசலையே மூடியிருந்தது. பனியை வெட்டி வழிசெய்துதான் உள்ளே போனார்கள். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெரிய பனிப்பாளம் கண்ணுக்குத் தெரியும் எதிரி. அதைவிட ஆபத்தானது செங்கல்லின் நுண்துளைக்குள் புகும் ஒரு சொட்டு நீர். உறையும்போது நீரின் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். துளைக்குள் இடம் இல்லாவிட்டால் அது செங்கல்லைப் பிளந்துதான் இடம் எடுக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பகலில் உருகி, இரவில் உறைந்து, மறுநாள் மீண்டும் உருகும். ஒவ்வொரு முறையும் விரிசல் இன்னும் கொஞ்சம் நீள்கிறது. ஒருநாள் செங்கல்லின் முகம் அப்படியே பெயர்ந்து விழுகிறது.

ஏரியின் மட்டமும் நிலையாக இல்லை. மழை, பனி, ஆவியாதல் இவற்றின் கணக்குக்கேற்ப ஏறி இறங்கும். மிச்சிகன், ஹியூரான் ஏரிகளில் 1986இல் பதிவான உச்ச மட்டத்துக்கும் 2013 ஜனவரியில் பதிவான அடிமட்டத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 1.9 மீட்டர். ஏறினால் கரை அரிக்கிறது. இறங்கினால் இத்தனை காலம் முழுகியிருந்த மரக்கூடுகளின் தலைப்பகுதி காற்றில் படுகிறது; பூஞ்சைக்கு வேண்டிய ஆக்சிஜன் கிடைத்துவிடுகிறது. குளிர்காலத்தில் கரையோரம் பனி உறைந்திருந்தால் அதுவே அலைக்குத் தடுப்பு. பனி குறையும் ஆண்டுகளில் குளிர்காலப் புயல் அலைகள் தடையின்றிக் கரையை வந்து அடிக்கின்றன.

ஆள் போன பிறகு

இவ்வளவையும் தாங்கி நின்ற கோபுரங்கள் சீக்கிரமாகச் சிதையத் தொடங்கியது, விளக்குகள் தானியங்கி ஆன பிறகு. 1939இல் விளக்குகளின் பொறுப்பை ஏற்ற அமெரிக்கக் கடலோரக் காவல்படை, மின்சாரமும் ரேடாரும் வானொலி வழிகாட்டிகளும் வந்த பின் ஒவ்வொன்றிலிருந்தும் ஆட்களை விலக்கிக்கொண்டது. ஸ்பிளிட் ராக் 1969இல் அணைக்கப்பட்டது. சுப்பீரியர் ஏரியின் ஒயிட்ஃபிஷ் முனை 1971இல் தானியங்கி ஆனது. 1980களின் தொடக்கத்துக்குள் ஆள் தங்கும் விளக்கு என்பதே அருகிப்போனது. இன்று சூரியத் தகடும் எல்.இ.டி. விளக்கும் சிறிய நெகிழிக் கூடும் போதும். ஆண்டுக்கு ஒருமுறை படகில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

விளக்குக்கு அது போதும், சுவருக்குப் போதாது. ஆள் இருந்தபோது அடுப்பு எரிந்தது, சுவர் உலர்ந்தது. காற்றுத்துளைகள் திறந்திருந்தன, ஈரம் வெளியேறியது. ஆள் போனதும் கதவையும் சன்னலையும் பலகை அடித்து மூடினார்கள். வெப்பமில்லாத கோபுரத்தின் கல் குளிர்ந்தே கிடக்கும். வெளியே வானிலை மாறி ஈரக்காற்று உள்ளே கசிந்தால், அந்தக் குளிர்ந்த சுவரில் அது நீராகப் படியும். வெளியேற வழியில்லாமல் அந்த நீர் பூச்சுக்குள்ளும் சாந்துக்குள்ளும் இறங்கும். இரும்புப் படிக்கட்டு துருப்பிடித்துப் பருக்கும். பருத்த துரு அதைத் தாங்கும் கல்லையே பிளக்கும். ஓடு உடைந்தால் மாற்ற ஆளில்லை. ஐம்பது ரூபாய்ப் பெயின்டில் முடிந்திருக்கும் வேலை, சில ஆண்டில் பெரும் செலவாகிவிடுகிறது. பழுதைத் தினமும் பார்த்த கண் போய்விட்டது என்பதே இதற்கெல்லாம் வேர்.

மிச்சிகன் ஏரியின் வடகோடியில் உள்ள வாகோஷான்ஸ் விளக்கத்தைப் பாருங்கள். 1851இல் மரக்கூட்டின்மேல் கட்டியது. செங்கல் சிதையவே பின்னாளில் இரும்புத் தகட்டால் போர்த்தினார்கள். அருகில் ஒயிட் ஷோல் விளக்கம் வந்ததும் 1912இல் இதைக் கைவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்படை இதன்மேல் குண்டுவீச்சுப் பயிற்சி நடத்தியது. பிறகு இரும்புத் தகடுகளும் கழன்று ஏரியில் விழுந்தன. இன்று எஞ்சியிருப்பது கவசம் இழந்த செங்கல் கூடு. மீட்கப் பாடுபட்டவர்களும் முடியாமல் கைவிட நேர்ந்தது. காலம் கடந்து வரும் அக்கறைக்குக் கட்டடம் காத்திருப்பதில்லை.

பழுதுபார்ப்பதன் அறிவியல்

அக்கறை மட்டும் இருந்தாலும் போதாது. பல விளக்கங்களில் நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கெடுதலாக முடிந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் மென்மையானது. அதை இணைத்தது சுண்ணாம்புச் சாந்து. சாந்து செங்கல்லைவிட மென்மை என்பதால் சுவர் அசையும்போது அதுதான் விட்டுக்கொடுக்கும். சுவரின் ஈரமும் சாந்து வழியாகத்தான் வெளியே ஆவியாகும். முப்பது ஆண்டுக்கு ஒருமுறையோ ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறையோ உதிர்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைத்தால் செங்கல் பிழைத்துக்கொள்ளும். இதற்குப் பதிலாகக் கடினமான போர்ட்லாந்து சிமென்ட்டால் அடைத்தால் ஈரம் வெளியேறும் வழி அடைபடும். நீர் செங்கல்லுக்குள்ளேயே தேங்கி உறையும். சிமென்ட் கோடுகள் கம்பீரமாக நிற்க, நடுவே செங்கல் மட்டும் குழிந்து தேய்ந்திருக்கும் சுவர்களைப் பார்த்த எந்தக் கொத்தனாருக்கும் காரணம் உடனே புரியும். நீர்புகாப் பெயின்டும் இதே கெடுதலைச் செய்யும்.

வில்லைக்கும் இதே கதை. பட்டகங்களைப் பித்தளைச் சட்டத்தில் பிடித்திருப்பது, ஈய வெள்ளையும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த ஒரு மக்கு. நூறாண்டில் அது காய்ந்து நொறுங்கும். கோபுரம் அதிர்ந்தால் தளர்ந்த பட்டகம் நழுவி விழும். இன்று அந்த வேலைப்பாட்டோடு இன்னொரு பட்டகம் வார்த்துத் தீட்டித் தருவோர் மிகச் சிலரே. துடைக்கும் துணியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கீறல் விழும். பாதரசத் தொட்டி இருந்தால் அதன் ஆவியிலிருந்து ஆட்களையும் காக்க வேண்டும். வில்லையைக் கழற்றி அருங்காட்சியகத்தில் வைத்தால் அது பிழைக்கும், கோபுரம் வெறுமையாகும். அங்கேயே விட்டால் கோபுரம் முழுமையாக இருக்கும், வில்லைக்கு ஆபத்து. இரண்டில் எது என்பதை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

புதிய காவலர்கள்

2000இல் அமெரிக்கா தேசிய வரலாற்றுக் கலங்கரை விளக்கப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அரசுக்கு இனித் தேவைப்படாத விளக்கங்களை உள்ளாட்சிகளுக்கும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் இலவசமாகவே தரலாம். பெறுபவர் அதை வரலாற்றுத் தன்மை கெடாமல் பராமரித்து, பொதுமக்களுக்குத் திறந்துவைக்க வேண்டும். யாரும் முன்வராவிட்டால்தான் ஏலம். விளக்கு இன்னும் எரியும் இடங்களில் கடலோரக் காவல்படை வந்துபோகும் உரிமையை வைத்துக்கொள்ளும். ஏரி நடுவே இருக்கும் விளக்கத்தை எடுப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: கோபுரம் அவருடையது, அது நிற்கும் ஏரிப்படுகை மாநிலத்துடையது, அதற்குத் தனியே குத்தகை எடுக்க வேண்டும். கனடாவிலும் 2008இல் நிறைவேறிய மரபுக் கலங்கரை விளக்கப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. மிச்சிகன் மாநிலம், விளக்கங்களுக்கென்று தனி வாகனப் பதிவெண் தகடுகளை விற்று, வரும் பணத்தைப் பழுதுபார்க்கும் வேலைகளுக்கு நிதியாகத் தருகிறது.

சட்டம் கட்டடத்தைக் கைமாற்றும். அதைக் காப்பது ஆட்கள்தான். மிச்சிகன் ஏரிக்கரையில் மணற்குன்றுகளுக்கு இடையே நிற்கும் பிக் சேபிள் முனை விளக்கம் 1867இல் ஏறத்தாழ 34 மீட்டர் உயரத்தில் எழுந்தது. மணற்காற்றும் மழையும் செங்கல்லை அரிக்கவே 1900இல் அதற்கு உலோகத் தகடுகளைப் போர்த்தினார்கள். இன்று தன்னார்வலர்கள் முறைவைத்து அங்கேயே தங்கி, பெருக்கி, பூசி, வருகிறவர்களுக்குப் படிக்கட்டைக் காட்டி, கதையும் சொல்கிறார்கள். மாக்கினா நீரிணைக்கு அருகே செயின்ட் ஹெலினா தீவு விளக்கம் பல பத்தாண்டுகள் காவலரின்றிச் சூறையாடப்பட்டுக் கிடந்தது. 1986 முதல் பேரேரிக் கலங்கரை விளக்கக் காவலர் சங்கம் அதை மீட்டெடுத்தது. சாரணச் சிறுவர்களும் அதில் உழைத்தார்கள். ஸ்பிளிட் ராக்கை 1976 முதல் மின்னசோட்டா வரலாற்றுச் சங்கம் பார்த்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் 10 அன்று அதன் பழைய விளக்கு மீண்டும் ஏற்றப்படும். 1975இல் அதே நாளில் சுப்பீரியர் ஏரியில் 29 பேரோடு மூழ்கிய ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’ கப்பலுக்கான அஞ்சலி அது. அந்தப் புயலிரவில் ஒயிட்ஃபிஷ் முனையின் விளக்கும் வானொலிக் குறியும் செயலிழந்திருந்தன.

கோபுரங்களைக் காத்து நிற்கும் இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பெரிய தொகையைத் திரட்டி ஒரே தடவையில் புதுப்பித்துவிட்டுக் கதவைப் பூட்டிய விளக்கம் மீண்டும் ஈரத்தில் ஊறுகிறது. யாராவது போய்த் தங்கி, சன்னலைத் திறந்து, சாந்தைத் தொட்டுப் பார்த்து, துருவைச் சுரண்டும் விளக்கம் நிலைத்து நிற்கிறது. ஆகவே நிதி ஒதுக்குவோர் திறப்புவிழாவுக்கு ஒதுக்குவதைவிட, அடுத்த முப்பது ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தனார்களையும், பழைய வில்லையைக் கையாளத் தெரிந்தவர்களையும் உருவாக்கும் பயிற்சிக்குக் கோபுரத்துக்குச் செலவிடுவது போலவே செலவிட வேண்டும். எந்திரம் விளக்கை எரிய வைத்துக்கொள்ளும். சுவரைப் பார்த்துக்கொள்ள இன்னும் ஓர் ஆள் தேவைப்படுகிறார். அந்த வேலைக்கு ஆளெடுப்பதுதான் பாதுகாப்பின் முதல் செலவாக இருக்க வேண்டும்.